சுண்ணாம்புச் சுவர்

நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள ஒரு மனிதரைப் பட்டப்பகலில் நாற்பது நிமிடம் பூட்டி வைத்தவன் நான். பூட்டு கிடையாது, சாவி கிடையாது, கதவு கிடையாது, ஏன், சுவரே கிடையாது. தலைக்கு மேலே திறந்த வானம். காலடியில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட நாலு கோடு, அவ்வளவுதான். ஆள் வெளியே வர முடியாமல் தவித்துப் போனார். வேறு எந்த வரைபடக்காரராவது இப்படியொரு காரியத்தைச் செய்திருந்தால் முன்னே வரட்டும், என் ஸ்கேலை அவர் காலடியில் வைத்துவிடுகிறேன்.

அந்த மனிதர் என் பெரிய மாப்பிள்ளை. கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற ஆய்வாளர். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் முத்திரை. தன் எடை எழுபத்தெட்டு கிலோதான் என்கிறார். எடை விஷயத்தில் அவரோடு வாதாட எனக்கு யோக்கியதை இல்லை. எழுபத்தெட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பூட்டி வைத்தது நிஜம். என் மனைவி பார்த்தாள், இரண்டு பெண்களும் பார்த்தார்கள், மேஸ்திரி பார்த்தார், ஒரு கட்டிலும் பார்த்தது. நடக்கவே இல்லை என்று சாதித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர்.

என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். முப்பத்துநாலு வருடம் தண்ணீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் இருந்தேன். மேல்நிலைத் தொட்டி, கீழ்நிலைத் தொட்டி, பம்ப் அறை. இந்த மூன்றையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன். சில தொட்டிகளைப் பார்த்தவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வரைந்திருப்பேன் என்று இன்றும் நம்புகிறார்கள். மனிதர் குடியிருக்கிற வீடு மட்டும் ஒன்றுகூட வரைந்ததில்லை. ஆகவே ஓய்வு பெற்ற மறுவாரம், என் இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

மனை முப்பதடி அகலம், எண்பதடி நீளம். இடதுபக்கம் பதினோரு அடி அகலத்தில் பெரியவளுக்கு ஒரு வீடு, வலதுபக்கம் பதினோரு அடியில் சின்னவளுக்கு ஒரு வீடு. நடுவில் எட்டடி அகலத்துக்குத் தெருவிலிருந்து கடைசி வரைக்கும் திறந்த வெளி, இரண்டு பேருக்கும் பொது. வீடு ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கம்தான். ஆனால் இரண்டு வாசலும் அந்த எட்டடி வெளியைப் பார்த்துத் திறக்கும். துணி காயப்போடலாம், சைக்கிள் நிறுத்தலாம், சாயங்காலம் நாற்காலி போட்டுக் கதை பேசலாம். எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. இப்படியொரு யோசனை எனக்கு வந்தது எப்படி என்று இன்றுவரை புரியவில்லை.

படத்தை முதலில் மனைவியிடம் காட்டினேன். அவள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கழுத்தில் விசில் தொங்காத நாளில்கூட அது தொங்குவது போலவே இருக்கும்.

"என்னங்க, ஜன்னல் எங்க?"

"அதோ, மேல காத்துப்போக்கி இருக்கே."

"கூரைக்குக் கீழ அரையடி ஓட்டை. எட்டிப் பாக்க ஏணி போடணுமா? சரி, ஹால் மூலைல இந்தக் குழாய் எதுக்கு?"

அது தொட்டி நிரம்பினால் வழிந்து போகிற குழாய். கை பழக்கத்தில் வந்துவிட்டது.

"இதுல குடியிருக்கணுமா, இல்ல தண்ணி புடிச்சு வைக்கணுமா?" என்றாள்.

குழாயை அழித்தேன், பெரிய மனதோடு இரண்டு ஜன்னல் வைத்தேன். வேறு இரண்டு விஷயங்களை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. பம்ப் அறைக்கு எப்போதும் ஒரே ஒரு கதவுதான். அது வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். உள்ளே குழாய் வெடித்துத் தண்ணீர் நிறைந்தால் உட்பக்கம் திறக்கிற கதவை இழுக்க முடியாது, பாருங்கள். வெள்ளத்தில் ஆபரேட்டர் தப்பிக்க வேண்டும் என்கிற நல்லெண்ணத்தில், என் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு கதவு, மூன்றரையடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வரைந்திருந்தேன்.

படம் குடும்பத்துக்கு முன்னால் வந்தது. பெரியவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, என் கட்டில் உள்ள போகுமா?"

நியாயமான கேள்வி. முன்பு ஒரு வாடகை வீட்டில் அவளுடைய கட்டில் மாடிப்படியில் திரும்பாமல், இரண்டு வருடம் தரையில் படுத்திருந்தாள். பிரிக்க முடியாத கட்டில், ஆறரையடி நீளம், யானை சாய்ந்தாலும் தாங்குகிற தலைமாட்டுப் பலகை. அன்றிலிருந்து அவளுக்கு உலகமே கட்டில் போகிற இடம், கட்டில் போகாத இடம் என்று இரண்டுதான்.

முத்திரை படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனா எடுத்து, எட்டடி வெளியின் நட்டநடுவில் தெருவிலிருந்து கடைசி வரை ஒரு கோடு போட்டார்.

"மாமா, இங்க ஒரு சுவர். ஆறடி உயரம்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"எதுக்குன்னா, அளவு தெளிவா இருக்கணும். ஒன்பது அங்குலம் சுவருக்குப் போக, ஆளுக்கு மூணடி ஏழரை அங்குலம்."

சின்னவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கப்பலில் வேலை. வருடத்தில் ஆறு மாதம் கடலில்.

"அத்தான், அவர் ஊர்ல இல்லாதப்ப நான் யார் முகத்தைப் பாக்குறது? கதவைத் திறந்தா சுவத்தைப் பாக்கவா? சுவர்தான் வேணும்னா எனக்கு இந்த வீடே வேணாம். என் பங்கை வித்துட்டு எங்கயாவது ஒரு அடுக்குமாடியில போய் இருந்துக்கறேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். முத்திரையும் பேனாவை மூடிவிட்டார், கோட்டை அழிக்கவில்லை. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டு பெண்களையும் ஒரே வாசலில் பார்க்க வேண்டும் என்று படம் வரைந்தேன். அந்தப் படமே ஒருத்தியை ஊரின் மறுகோடிக்கு அனுப்பப் பார்த்தது. தொட்டி வரைந்தவரைக்கும் எந்தத் தொட்டியும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

மேஸ்திரிதான் வழி சொன்னார். "சார், தாள்ல சண்டை போட்டா தீராது. மனைல நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, அளவு அளவாக் காட்டிருவோம். நடந்து பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

என் மனைவிக்கு இது போதவில்லை. நடந்து பார்த்தால் போதாது, ஒரு காலைப்பொழுது அதில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வெற்று மனையில் கூடினோம். மேஸ்திரி இரண்டு வீட்டையும் சுண்ணாம்பில் போட்டு முடித்திருந்தார். கதவு இருக்கிற இடத்தில், படத்தில் இருப்பது போலவே, அது எவ்வளவு தூரம் திறக்கும் என்று காட்டுகிற கால் வட்டம். நடுவில் முத்திரையின் சுவர். அதை அவரே போட்டார், மட்டக்கோல் வைத்து. கடைசியில் பக்கத்து மனைக்காரரின் மதில் மட்டும் நிஜமான செங்கல்.

மனைவி விசிலை எடுத்தாள். "கோடுன்னா சுவர். சுவரைத் தாண்டக் கூடாது, கதவு வழியாத்தான் போகணும், வரணும். படத்துல என்ன இருக்கோ அதான் கணக்கு. தாண்டினா ஊதுவேன்."

இந்த நிபந்தனை வேறு யாரையும் அவ்வளவாகக் கட்டுப்படுத்தவில்லை. நானே இரண்டு தடவை சமையலறைச் சுவருக்குள் நின்று விசில் வாங்கினேன். ஆனால் முத்திரை வேறு ரகம். ஆளே இல்லாத வங்கியில் கயிறு கட்டி வளைத்து வளைத்து வழி விட்டிருப்பார்களே, அதில் ஒவ்வொரு வளைவாக நடந்து போய், தன்னந்தனியாக வரிசையில் நின்று, தன் முறை வரக் காத்திருக்கிறவர் அவர்.

துணிக்கொடிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க, அவர் டேப்போடு தன் பக்கத்துச் சந்தில் கடைசி வரை போனார். குனிந்து அகலத்தை அளந்தார். மூணடி ஏழரை. திருப்தி.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. அதில் கட்டில்.

நிஜக் கட்டில். பெரியவள் யாரிடமும் சொல்லாமல் ஏற்பாடு செய்திருந்தாள். அவள் ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம், வண்டிக்காரர் நடுவில். தெருவிலிருந்து சந்துக்குள் கொண்டு வந்து, வாசலுக்கு நேராகக் கதவைத் திறந்தாள். அதாவது, திறந்ததாக வைத்துக்கொண்டாள். கதவு வெளிப்பக்கம் திறந்தது. மூன்றரையடிக் கதவு, மூணடி ஏழரை அங்குலச் சந்தில். மீதி ஒன்றரை அங்குலம். பூனை நுழையலாம், அதுவும் பட்டினிப் பூனை.

கட்டில் பாதி உள்ளே போனது. தலைமாட்டுப் பலகை திரும்பவில்லை. விசில்.

"சுவத்துல இடிச்சிட்ட. பின்னாடி எடு."

எடுத்தார்கள். சாய்த்தார்கள். விசில். நிமிர்த்தினார்கள். விசில். வண்டிக்காரர், "அம்மா, இது வெறும் தரைதானே" என்றார். அவருக்குத் தனியாக ஒரு விசில். கடைசியில் கட்டிலை வாசலில் குறுக்காக வைத்துவிட்டு மூவரும் அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் முத்திரை அளந்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். முன்னே திறந்த கதவு. அதற்கு அந்தப் பக்கம் கட்டில்.

"கதவைக் கொஞ்சம் சாத்து, நான் போயிடறேன்" என்றார்.

"எப்படிங்க சாத்துறது? கட்டில் வாசல்ல நிக்குதே" என்றாள் பெரியவள்.

"அப்படின்னா இன்னும் பின்னால தள்ளித் திற. சுவரோட ஒட்டிக்கும்."

மனைவி படத்தைப் பிரித்துப் பார்த்தாள். "படத்துல கால் வட்டம்தான் இருக்கு மாப்பிள்ளை. கால் வட்டம்தான் திறக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பின்பக்கக் கதவு எங்க மாமா?"

"அது வந்து... வைக்கல மாப்பிள்ளை. பம்ப் அறைக்கு ஒரே கதவுதான்."

இடதுபக்கம் அவர் வீட்டுச் சுவர், எதிரில் கதவு, பின்னால் நிஜ மதில். வலதுபக்கம் அவரே மட்டக்கோல் வைத்துப் போட்ட சுவர். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் முடிந்தது. குழந்தைகூடத் தாண்டும். ஆனால் தாண்டினால் அது சுவர் இல்லை, வெறும் சுண்ணாம்பு என்று அவரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்து நிமிடம் ஆயிற்று. வெயில் ஏறியது. என் வீட்டில் நிழல் தருகிற ஒரு பொருளும் இன்னும் கட்டப்படவில்லை.

சின்னவள் தன் பக்கத்துச் சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு டம்ளர் டீயோடு எழுந்து அவரிடம் நீட்டினாள்.

"அத்தான், இந்தாங்க."

அவர் வாங்கவில்லை. நேராகப் பார்த்தபடியே சொன்னார்: "ஆறடிச் சுவர். டீ எப்படி வரும்?"

"எட்டிக் குடுத்தேன்னு வச்சுக்கோங்க."

விசில் லேசாக ஒலித்தது. என் மனைவிக்கே மனசு வரவில்லை போல.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் மறுபடி உட்கார்ந்தாள். "பேசவாவது செய்யலாமா? சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேக்கும்ல?"

"கேக்கும்."

அதன் பிறகு இரண்டு பேரும் பேசினார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். அவர் எதிர்ச்சுவர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் மடியைப் பார்த்துக்கொண்டு. இடையில் இருந்தது ஒன்பது அங்குலச் சுண்ணாம்பு. நான் ஹாலில் நின்றிருந்தேன். என் சுவர்கள் எதுவும் சத்தத்தைத் தடுக்கவில்லை.

"சுவர் ஏன் கேட்டேன்னு நினைக்கிற? உன்னைப் புடிக்காமயா?" என்றார்.

"வேற என்ன நினைக்கிறது?"

"எங்க வீட்லயும் இப்படித்தான் பொது முற்றம். அப்பாவும் சித்தப்பாவும். ஒரு நாள் சித்தப்பா சைக்கிளை அரையடி தள்ளி நிறுத்தினார். அப்பா நகத்தி வச்சார். மறுநாள் அவர் நகத்தினார். பதினாலு வருஷம் பேசல. சித்தப்பா போனப்பகூட அப்பா முற்றத்துலதான் நின்னார், உள்ள போகல. ஒரு சுவர் இருந்திருந்தா சைக்கிளுக்கு வேலை இல்ல. பேசிக்கிட்டு இருந்திருப்பாங்க. அதான் கேட்டேன்."

பெரியவள் டீயைக் கையில் வைத்தபடியே இருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இது அவளுக்கும் தெரியாது.

சின்னவள் கேட்டாள்: "நீங்க சைக்கிளை எங்க நிறுத்துவீங்க அத்தான்?"

"கோட்டுக்குள்ளதான்."

"அது தெரியும். உங்களால வேற மாதிரி நிறுத்த முடியாது. நான்தான் அரையடி தள்ளி நிறுத்துவேன். நீங்க நகத்தி வைங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆறு மாசம் யாரும் எதையும் நகத்தாத வீட்டுல இருந்து பாருங்க, அப்பத் தெரியும்."

எனக்கு ஏதோ தூசி விழுந்து கண் கலங்கியது. சுண்ணாம்பு என்றால் அப்படித்தான்.

கடைசியில் முத்திரை தொண்டையைச் செருமினார். "மாமா, இந்த இடத்துல சுவத்துல ஒரு கதவு வைக்கலாமா?"

நான் பறந்தேன். என் வயதில் அவ்வளவு வேகம் யாரும் ஓடியிருக்க முடியாது, வழியில் மூன்று சுவர்களை இடித்தேன். "வைக்கலாமே! எந்தப் பக்கம் திறக்கணும்?"

"என் பக்கம் வேணாம். சந்து அடைச்சுக்கும்."

"என் பக்கம் திறந்தாலும் அடைச்சுக்கும்" என்றாள் சின்னவள்.

"அப்ப கதவு வேணாம். வெறும் வழி. மூணடி." டேப்பை வைத்து அளந்து, காலணியால் மூன்றடிச் சுண்ணாம்பைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் அந்த வழியாக முறைப்படி வெளியே வந்தார். விசில் இல்லை.

வந்தவர் நிற்கவில்லை. தப்பு என்று தெரிந்துவிட்டால் அதைக் கடைசிவரை திருத்துவது ஆய்வாளர்களின் வியாதி. பெரியவள் கட்டிலிலிருந்தே கத்தினாள்: "கட்டில் திரும்பணும்னா என் வாசலுக்கு எதிர்ல சுவர் இருக்கக் கூடாது!" துடைத்தார். சின்னவளின் வாசலுக்கும் அதே நியாயம், துடைத்தார். "சார், தண்ணிக் குழாய்க்கு நேரா சுவர் வந்தா குடத்தை எங்க வைப்பாங்க?" என்றார் மேஸ்திரி. துடைத்தார். ஒவ்வொன்றையும் அளந்து, அங்குலம் சொல்லி, துடைத்தார். பதினொன்றரை மணிக்கு நடுவில் நாலடி நீளம் மட்டும் மிஞ்சியது.

"இது இருக்கட்டும்" என்றார்.

"நாலடிச் சுவர் ஆறடி உயரத்துல தனியா நின்னா பெருங்காத்துல சாஞ்சுரும் சார்" என்றார் மேஸ்திரி.

அதனால் ஒன்றரையடி உயரமாயிற்று. கதவுகளை உட்பக்கமாகத் திருப்பினேன்; பின்பக்கம் ஆளுக்கொரு கதவு வைத்தேன். நாலு வருடமாக இரண்டு குடும்பமும் அங்கேதான். சாயங்காலமானால் நாலடிச் சுவரின் ஒரு முனையில் முத்திரை, மறுமுனையில் சின்னவள். கப்பல்காரர் ஊரிலிருந்தால் அவர் நடுவில். அனுமதிக்குப் போன படத்தில் அதற்கு நேராக 'பிரிப்புச் சுவர்' என்று எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பூட்டிக் கிடந்ததை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் கதையை எடுத்தால், "மாமா அளக்குறார். வழி வைக்கிற வரைக்கும் நான் சும்மா நின்னுட்டிருந்தேன்" என்பார். நான் எழுபத்தெட்டை நூற்றுப் பத்தாக்குகிறவன் என்பது ஊரறிந்தது. யார் சொல்வதை நம்புவார்கள்?

போன மாதம் பக்கத்து மனைக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பின்மதில் மனையை விலைக்கு வாங்கிய அண்ணன் தம்பி. அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறார், தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். எங்களைப் போலவே இரண்டு ஒடுக்கமான வீடு, நடுவில் வெளி. வெளியின் நடுவில் தடிமனாக ஒரு கோடு.

"பெரியவர் ஒரு பார்வை பாத்துச் சொல்லணும்" என்றார் அண்ணன்.

"இந்தக் கோடு?"

"சுவருங்க. எட்டடி உயரம். பின்னால ஒரு பேச்சு வந்துறக் கூடாது பாருங்க. என்னடா?"

"நீ சொன்னா சரிண்ணா" என்றான் தம்பி. படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்.

விடுவேனா? முழுக்கதையையும் சொன்னேன். விசிலை வாயாலேயே ஊதிக் காட்டினேன். கட்டிலை எட்டடியாக்கினேன், வெயிலில் தார் உருகியது என்றேன். டயர் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார், நல்லா சிரிக்க வச்சீங்க. சுண்ணாம்புக் கோடு ஆளைப் பூட்டுமா? நாளைக்கே மேஸ்திரியை வரச் சொல்லிடறேன், சுவத்துலேருந்தே ஆரம்பிக்கட்டும்." கண்ணைத் துடைத்தபடி முத்திரையிடம் திரும்பினார். "நிஜமாவா சார் இது?"

நான் அடுத்த வரியை முணுமுணுத்தேன். மாமா அளக்குறார். எனக்கு மனப்பாடம்.

முத்திரையோ, தம்பி நின்ற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முத்திரை கையிலிருந்த செய்தித்தாளை நாலாக மடித்துச் சுவர்மேல் வைத்தார். சின்னவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"நடந்தது" என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அது முப்பது வருடத்துக்கு ஒருமுறை நடப்பது.

"மாமா நாப்பது நிமிஷம்னு சொல்றார், தப்பு. கடிகாரத்தைப் பாத்துட்டே இருந்தேன். அம்பத்திமூணு." டயர் கடைக்காரரின் படத்தை வாங்கித் தன் மடியில் விரித்துக்கொண்டார். "கால் வலிச்சு, ஒரு தடவை அந்தச் சுவத்துல சாயக்கூடப் போனேன்."